போ என்றாள் பிரியதர்ஷினி

போன ஞாயிற்றுக்கிழமை காலை. காபி டம்ளரைக் கையில் எடுத்தேன், போன் அடித்தது. காமயகவுண்டன்பட்டியிலிருந்து என் தங்கை மகள்.

"பெரியம்மா, போன வாரம் தப்பா எழுதிட்டீக."

வணக்கம் இல்லை, சௌக்கியமா இல்லை. நேரே குற்றச்சாட்டு.

என்ன தப்பு என்று கேட்டேன். 'எங்கள் பக்கம் திராட்சை சீசன் தொடங்கிவிட்டது' என்று போன வாரம் இந்தப் பத்தியில் ஒரு வரி எழுதியிருந்தேன் அல்லவா? அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டாள். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கு சீசனே கிடையாதாம். ஒரு தோட்டத்தில் கொடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பிஞ்சு பிடித்திருக்குமாம், அதற்கடுத்த தோட்டத்தில் பழம் பறிப்பார்களாம். வருடம் பூராவும் எங்கேயாவது பறிப்பு நடந்துகொண்டேதான் இருக்குமாம். கம்பத்தில் குடியிருக்கிற எனக்கு இதுகூடத் தெரியாதா, அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதியிருக்கலாமே என்று ஒரு அதட்டல்.

அத்தோடு விட்டாளா? பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்திருக்கும் கணக்கு டீச்சர், தோட்டத்தில் பார்த்த சாரைப்பாம்பு, அம்மா வாங்கித் தர மறுக்கும் சைக்கிள்... அவள் அப்பாவின் செல்போனில் பேலன்ஸ் தீர்ந்து தானாக அறுந்து போகும் வரை பேசினாள்.

காபி ஆறிப் போயிருந்தது. என் கண் கலங்கியிருந்தது. திட்டு வாங்கிவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பத்து வயதுப் பெண் போனில் வாயடிப்பதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் இந்தப் பிரியதர்ஷினி நாலு வயது வரை 'அம்மா' என்று முழுதாக ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

நானே திருப்பிக் கூப்பிட்டேன். உன் கதையை எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"எழுதுங்க. பேர மட்டும் மாத்திராதீக."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது போகப் போகப் புரியும்.

என் தங்கை சாந்தியைக் கட்டிக்கொடுத்தது காமயகவுண்டன்பட்டியில். கணவர் கதிரேசனுக்குத் திராட்சைத் தோட்டம், கொஞ்சம் தென்னை. கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே பெண். பெயர் தேடித் தேடி, கதிரேசன் கடைசியில் பிடித்துக்கொண்டு வந்த பெயர்தான் பிரியதர்ஷினி.

குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்டது. மதுரைக்குக் கூட்டிப்போய் டெஸ்ட் எடுத்தே பார்த்துவிட்டார்கள். சொல்வதெல்லாம் புரிந்தது. அடுக்களையிலிருந்து கறுப்புக் கரண்டியை எடுத்துவா என்றால் கறுப்புக் கரண்டிதான் வரும், வெள்ளைக் கரண்டி வராது. வேடிக்கை காட்டினால் சரியான இடத்தில் சிரிப்பாள். பேச்சு மட்டும் இல்லை. 'ம்மா', 'ஆ' — இந்த இரண்டு சத்தம்தான் மொத்தச் சொத்து.

மிச்சத்துக்கெல்லாம் அவளே ஜாடை கண்டுபிடித்து வைத்திருந்தாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங் சுற்றினால் பஸ். விரல்களை மேலிருந்து உதிர்த்தால் மழை. காற்றில் மீசையை முறுக்கினால் பெரியப்பா செல்லத்துரை — கதிரேசனின் அண்ணன், கம்பத்தில் திராட்சைக் கமிஷன் கடை வைத்திருப்பவர். அந்த மீசையைப் பார்த்தவர்கள் அந்த ஜாடையை ஒரு தடவையில் புரிந்துகொள்வார்கள்.

ஒருநாள் கதிரேசன் போன் போட்டார். பாப்பா 'பால்' என்று சொல்லிவிட்டாளாம். தெளிவாக, முழுதாக. அடுத்த டவுன் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். போவதற்குள் பாதித் தெரு வீட்டுக்குள் இருந்தது. ஆளாளுக்குக் குனிந்து, எங்கே இன்னொரு தடவை சொல்லு, சொல்லு என்கிறார்கள்.

குழந்தை முயன்றது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். வாய் திறந்தது. உதடுகள் கூடின, பிரிந்தன, எதையோ தேடுவது மாதிரி ஒரு பக்கமாக இழுத்தன. 'ஆ' என்றாள். பிறகு 'கா' என்றாள். மறுபடியும் வாயைத் திறந்து... சத்தமே வரவில்லை. சுற்றிலும் இருந்த முகங்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தன் கையாலேயே தன் வாயில் படார் என்று அடித்துக்கொண்டாள்.

சாந்தி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டத்தில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. "காலையில சொல்லிருக்காளே. வேணும்னுட்டுத்தான் சொல்ல மாட்டேங்கிறா. பூராம் பிடிவாதம்."

அன்றிலிருந்து அவளுக்குப் 'பிடிவாதக்காரி' என்ற பட்டமும் சேர்ந்தது. அம்மாக்காரிக்கு 'செல்லம் கொடுத்துக் கெடுத்தவள்' என்ற பட்டம் ஏற்கெனவே இருந்தது.

யோசனை சொல்ல நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? நாக்கில் வசம்பு தேய்க்கச் சொன்னார்கள். தேன் தடவச் சொன்னார்கள். கோயிலில் மணி கட்டுவதாக நேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். எல்லாவற்றையும் சாந்தி செய்தாள். ஒரு டாக்டர், நாக்குக்கு அடியில் ஒரு சின்ன வெட்டு வெட்டினால் பேச்சு வந்துவிடும் என்று நாள்கூடக் குறித்துக் கொடுத்துவிட்டார்.

செல்லத்துரை அண்ணனின் யோசனை வேறு மாதிரி. அவருக்கு நியூமராலஜியில் பெரிய நம்பிக்கை. கடைப் போர்டில் தன் பெயருக்கு நடுவே ஒரு இங்கிலீஷ் 'ஏ' எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்த பிறகுதான் வியாபாரம் நிமிர்ந்தது என்பார். குழந்தையின் பெயர்தான் அதன் வாயைக் கட்டிவைத்திருக்கிறது, பெயரை மாற்றினால் பேச்சு தானாக வரும் என்பது அவர் முடிவு.

அவரைச் சொல்லி என்ன... அந்த வருடம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியையும் பெயரில்தான் வந்து நின்றார். நல்ல மனுஷிதான். ஆனால் ஒரு வகுப்பில் அத்தனை பிள்ளைகள், பேசாத குழந்தையை யார் பார்ப்பது என்று தயங்கினார். தன் பெயரைத் தானே சொல்கிற அளவுக்கு வந்ததும் கூட்டி வாருங்கள், அடுத்த ஜூனில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார்.

வெளியே வந்ததும் சாந்தி என்னிடம் கேட்டாள், மீனா, மாலா என்று சின்னதாக ஒரு பெயர் வைத்துவிடலாமா என்று. இடுப்பில் இருந்த குழந்தை அம்மாவின் முகத்தைத் திருப்பி, வேகவேகமாகத் தலையை ஆட்டியது. இல்லை, இல்லை, இல்லை. தன் நெஞ்சில் தட்டிக் காட்டியது. 'பிரியதர்ஷினி' என்று நாங்கள் கூப்பிட்டபோதுதான் தட்டுவதை நிறுத்தியது.

சொல்லத் தெரியாத பெயருக்காக ஒரு குழந்தை அப்படிச் சண்டை போட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாக்கை வெட்டும் முன் இன்னொருவரிடம் காட்டிவிடலாம் என்று தேனியில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனோம். அவர் நாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதில் வெட்ட ஒன்றுமே இல்லை என்றார். குமுளியிலிருந்து வாரம் இரண்டு நாள் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் தேனிக்கு வருகிறார், அவரிடம் காட்டுங்கள் என்று அனுப்பினார்.

லிஸ்ஸி. சின்ன வயசு. மலையாளம் கலந்த தமிழ். நாங்கள் போனதும் பேசச் சொல்லவே இல்லை. தரையில் உட்கார்ந்து குழந்தையோடு விளையாட ஆரம்பித்தார். நடுவில், தன் நாக்கை வெளியே நீட்டிக் காட்டி, நீயும் நீட்டு என்றார். குழந்தை வாயைத் திறந்தாள், தலையை முன்னால் கொண்டுவந்தாள், விரலால் நாக்கைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். நாக்கு நீளவில்லை. லிஸ்ஸி ஒரு துளி ஜாமை எடுத்து அவள் மேலுதட்டில் வைத்தார். அடுத்த நொடி நாக்கு சர்ரென்று மேலே வந்து ஜாமை நக்கிக்கொண்டு உள்ளே போனது.

சாந்தியும் கதிரேசனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பிறகுதான் விளக்கினார். 'பால்' என்று சொல்வது நமக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் உதடு மூட வேண்டும், மூச்சு அதற்குப் பின்னால் நிற்க வேண்டும், உதடு திறக்க வேண்டும், தொண்டையில் ஒலி கிளம்ப வேண்டும், நாக்கு மேலே போய்ப் படிய வேண்டும். எல்லாம் வரிசை தப்பாமல், கண் இமைக்கும் நேரத்தில். மூளைதான் அந்த வரிசையைப் போட்டு வாய்க்கு அனுப்புகிறது. இவளுக்குச் சொல் தெரியும், நாக்கிலும் பலம் இருக்கிறது. அந்த வரிசை மட்டும் சரியாக அமைவதில்லை. ஏதோ ஒரு நேரம் தற்செயலாக அமைந்துவிட்டால் சொல் தெளிவாக வந்துவிடும். மறுபடி தேடினால் கிடைக்காது. அப்ராக்சியா என்று அதற்குப் பெயர் சொன்னார்.

கதிரேசன் அதைத் தன் பாஷையில் போட்டுப் பார்த்தார். "மோட்டாரும் சரியா இருக்கு, கெணத்துலயும் தண்ணி கெடக்கு. ஸ்டார்ட்டர்தான் பிடிக்க மாட்டேங்குது, அப்படித்தானங்க?"

ஏறக்குறைய அப்படித்தான் என்றார் லிஸ்ஸி. ஆனால் ஸ்டார்ட்டரை மாற்ற முடியாது, பழக்கத்தான் முடியும். மாத்திரை கிடையாது, ஆபரேஷன் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் அடிக்கடி, திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக வேண்டும். வருடக்கணக்கில் ஆகலாம்.

சாந்தி தலையைக் குனிந்துகொண்டே, எல்லாரும் பிடிவாதம் என்கிறார்களே என்று மெதுவாகக் கேட்டாள்.

"பிள்ளைக்கு மடி ஒண்ணும் இல்ல, கேட்டோ," என்றார் லிஸ்ஸி.

சாந்தி குழம்பிப்போய்க் கீழே பார்த்தாள். குழந்தை அவள் மடியில்தான் உட்கார்ந்திருந்தது. கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காய்கறி ஏற்றிப்போன பழக்கத்தில் கதிரேசனுக்குக் கொஞ்சம் மலையாளம் தெரியும். "மடின்னா சோம்பேறித்தனம்னு அர்த்தம். பிள்ள சோம்பேறி இல்லங்கிறாக," என்றார். இங்கே இருக்கிற எல்லோரையும்விட அதிகமாக வேலை செய்வது அவள்தான் என்று லிஸ்ஸி தொடர்ந்து சொன்னார்.

சாந்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். பிறகு மறுபடியும் சிரித்தாள். அந்த அறையை விட்டு வெளியே வரும்போது என் தங்கை வேறு ஒருத்தியாக இருந்தாள்.

அதன் பிறகு வாரம் இரண்டு நாள் தேனிப் பயணம். கதிரேசனுக்குத் தோட்டவேலை, அதனால் நான் துணை. ஒருநாள் கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஏறினால், குமுளியிலிருந்து வந்த அதே பஸ்ஸில் லிஸ்ஸி உட்கார்ந்திருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் கிளாஸ் தேனியில் தொடங்கவில்லை, கம்பத்திலேயே தொடங்கியது.

முதலில் என்ன சொல் கற்றுக்கொடுப்பது? 'அம்மா', 'அப்பா' என்றுதானே நாம் நினைப்போம். லிஸ்ஸி அப்படி நினைக்கவில்லை. சொல்லால் ஒரு காரியம் நடக்கும் என்பது இவளுக்கு இதுவரை தெரியாது, அதை முதலில் தெரிய வைக்க வேண்டும் என்றார். குழந்தைக்கு பஸ் என்றால் உயிர். லிஸ்ஸி எழுந்துபோய்க் கண்டக்டரிடம் ஏதோ பேசினார். உயரமான மனிதர், சிடுமூஞ்சி என்று நான் நினைத்து வைத்திருந்தவர். கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

உத்தமபாளையம் ஸ்டாண்டில் ஆள் ஏறி இறங்கி முடிந்தது. பஸ் நகரவில்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாப்பா சொன்னாத்தான் வண்டி எடுப்போம்."

லிஸ்ஸி குழந்தையின் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுவந்து, மெதுவாக 'போ' என்றார். உதடு கூடி, குவிந்து, திறப்பது தெரிகிற மாதிரி. பிறகு அவள் உதட்டை இரண்டு விரலால் லேசாகத் தொட்டுச் சேர்த்து, விட்டார். குழந்தை முயன்றாள். காற்று மட்டும் வந்தது. மறுபடி 'ஓ' என்று வந்தது. முன்சீட்டில் பைலோடு உட்கார்ந்திருந்த ஒருவர் ஆபீசுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தார். டிரைவர் திரும்பிப் பார்த்தார். சாந்திக்கு முகம் சிவந்துவிட்டது, போதும் விடுங்கள் என்கிற மாதிரி லிஸ்ஸியைப் பார்த்தாள். லிஸ்ஸி யாரையும் பார்க்கவில்லை, குழந்தையை மட்டும் பார்த்தார். காத்திருந்தார்.

உதடுகள் சேர்ந்தன. சேர்ந்தபடியே கொஞ்ச நேரம் நின்றன.

"போ."

விசில் பறந்தது. டிரைவர் கியரைப் போட்டார். பஸ் நகர்ந்தது.

குழந்தையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜன்னலைப் பார்த்தாள். டிரைவரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். தன் வாயிலிருந்து வந்த ஒன்று, இத்தனை பேரையும் சுமந்த இத்தனை பெரிய வண்டியை நகர்த்திவிட்டது என்பதை அவளால் நம்ப முடியவில்லை. நாலு வருடமாகக் கையைப் பிடித்து இழுத்து, அழுது, அடித்துக்கொண்டு சாதிக்க முடியாததை ஒற்றை எழுத்து சாதித்துவிட்டதே...

சின்னமனூரில் பஸ் நின்றது. இந்தத் தடவை, பைல் வைத்திருந்த அதே மனிதர் கண்டக்டரிடம் சொன்னார், "அவசரப்படாதப்பா, பிள்ள சொல்லட்டும்."

சொன்னாள். வீரபாண்டியிலும் சொன்னாள். தேனியில் எல்லோரும் இறங்கிய பிறகும் காலி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு 'போ' என்றாள். இறக்கிக்கொண்டு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒரு சொல் கிடைத்துவிட்டால் குழந்தை சும்மா இருக்குமா? அந்த வாரம் முழுக்க எல்லோரையும் போ என்றாள். கோழியை, பால்காரரை, என்னை, டிவியில் செய்தி வாசிப்பவரை. வேறு வீடாக இருந்தால் மரியாதை தெரியாத பிள்ளை என்று இரண்டு வைத்திருப்பார்கள். இங்கே அவள் ஒவ்வொரு தடவை போ என்னும்போதும் கதிரேசன் வாங்கிக்கட்டிக்கொண்டு சந்தோஷமாக வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வருவார்.

அந்த நேரம் பார்த்துத்தான் செல்லத்துரை அண்ணன் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கூட்டுத்தொகை, கிரகம் எல்லாம் விளக்கி, 'மீனா' என்ற பெயர் அருமையாகப் பொருந்துகிறது, வருகிற வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்றார். எல்லோரும் மரியாதைக்காகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து நடந்து வந்தாள் பிரியதர்ஷினி. பெரியப்பா முன்னால் நின்றாள். உதட்டைச் சேர்த்தாள்.

"போ."

வீடே அதிர்ந்து சிரித்தது. அந்தப் பெரிய மீசைக்குக் கீழே முகம் ஒரு நிமிஷம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். பிறகு அவரும் சிரித்தார். குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டார்.

"ஆத்தா, பெரியப்பாவ போன்னு சொன்னியே, இன்னொருக்கா சொல்லு பாப்போம்."

சொன்னாள்.

நியூமராலஜி அன்றோடு முடிந்தது. மறுநாளே அவர் தேனி பஸ்ஸில் எங்களோடு வந்து லிஸ்ஸி முன்னால் உட்கார்ந்து, தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அவள் பெயரை அவளே சொல்லும்வரை நானும் கூட உட்காருகிறேன் என்றார். அதுதான் இலக்கு. அடுத்த ஜூனுக்குள்.

மத்தியானத்துக்கு மேல் கமிஷன் கடையில் கூட்டம் இருக்காது. திராட்சைப் பெட்டிகளை அடுக்கி, மேலே குழந்தையை உட்காரவைத்து, எதிரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தார். கண்ணாடியில் இரண்டு முகம். லிஸ்ஸி ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கைஜாடை சொல்லிக்கொடுத்திருந்தார். 'ப'வுக்கு உதட்டில் விரல் வைத்து எடுப்பது. 'ர'வுக்கு விரலைக் காற்றில் அதிர வைப்பது. 'ன'வுக்கு மூக்கைத் தொடுவது. 'ஷ' வந்தால், சத்தம் போடாதே என்று சொல்வோமே, அந்த மாதிரி வாய்க்கு நேரே விரல். ஜாடையிலேயே வாழ்ந்த குழந்தைக்கு ஜாடை வழியாகவே பேச்சுக்குப் பாலம் போட்டார் அந்தப் பெண்.

இதில் யாரும் எதிர்பார்க்காத ஒரு சிக்கல். செல்லத்துரை அண்ணனுக்கே 'தர்ஷினி' வரவில்லை. 'பிரியதருசினி' என்றுதான் வந்தது. பிறந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார், நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை! யோசித்துப் பார்த்தால் அந்தத் தெருவில் யாருக்குமே வரவில்லை. ஆளுக்கொரு விதமாகத்தான் கூப்பிட்டார்கள். நம் வாயில் நுழையாத பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, அதை அவள் வாயால் கேட்க வேண்டும் என்று வரிசையில் நின்றோம் பாருங்கள்.

ஆக, இரண்டு பேரும் சேர்ந்து கற்றார்கள். பி... ரி... ய... தர்... மூட்டை தூக்குபவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு எழுத்துக்கு ஒரு பெட்டி என்று தாளம் போட்டு லாரியில் ஏற்றிப் பார்த்தார்கள். மூன்றாவது எழுத்தில் அவள் யோசித்து நிற்க, தோளில் பெட்டியோடு ஒருவர் நிற்க... அந்த ஏற்பாடு ஒரே நாளில் கைவிடப்பட்டது.

எல்லாம் ஏறுமுகமாகவே இருக்கவில்லை. ஐப்பசி மழையில் குழந்தைக்குக் காய்ச்சல். எழுந்தபோது பாதிச் சொற்கள் காணாமல் போயிருந்தன. 'மாமா' போய்விட்டது, 'தா' போய்விட்டது. சாந்தி இடிந்துபோய் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். களைத்தால் அப்படித்தான் ஆகும், வழி மறக்கவில்லை, மறுபடி நடக்க வேண்டும் அவ்வளவுதான் என்றார் லிஸ்ஸி. நடந்தார்கள். போனது திரும்பி வந்தது, கூடவே புதிதும் வந்தது. 'வேணாம்' வந்தது. 'என்னுது' வந்தது. சோறு போதும் என்பதற்கு 'மதி' என்றாள் — லிஸ்ஸியிடமிருந்து தொற்றிய மலையாளம். யார் திருத்தப் போகிறார்கள்? அந்த வீட்டில் இன்றுவரை எல்லோரும் சாப்பிட்டு முடித்து 'மதி' என்றுதான் சொல்கிறார்கள்.

ஜூன் வந்தது.

தலைமையாசிரியை அறையில் கதிரேசன், சாந்தி, நான், அழைக்காமலே வந்திருந்த செல்லத்துரை அண்ணன். குழந்தை நடுவில். புது ரிப்பன்.

தலைமையாசிரியை சிரித்த முகமாகத்தான் கேட்டார், உன் பேர் என்னம்மா என்று.

குழந்தை மூச்சை இழுத்தாள். விரல் உதட்டுக்குப் போனது. "பி... ரி... ய..."

நின்றுவிட்டது. உதடு தேட ஆரம்பித்தது. எனக்கு அந்தப் பழைய 'பால்' நாள் கண்ணில் வந்து நின்றது. தலைமையாசிரியை முன்னால் குனிந்து உதவப் போனார். கதிரேசன் கையை நீட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். ஓரக்கண்ணால் பார்த்தேன். செல்லத்துரை அண்ணனின் மீசை அசைந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தர்..."

பிறகு குழந்தை தலைமையாசிரியையின் கண்ணை நேராகப் பார்த்தாள். வாய்க்கு நேரே விரலை வைத்தாள்.

"ஷ்ஷ்."

அந்த அம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவருடைய அறையில் அவரை யாரும் வாயை மூடச் சொன்னதில்லை போலிருக்கிறது. செல்லத்துரை அண்ணன் பதறி எழுந்து, "உங்களச் சொல்லலீங்க, அது பேருல உள்ள எழுத்து," என்றார். அதற்குள் அவள் மூக்கைத் தொட்டு முடித்துவிட்டாள்.

"...னி."

பிறகு முழுப் பெயரையும் ஒரு தடவை சேர்த்துச் சொன்னாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக இறக்கி வைத்து. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து வந்து குழந்தையின் கையைப் பிடித்து, அவரே வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பின்னால் நடந்துபோன செல்லத்துரை அண்ணன் அழுததை நான் பார்க்கவில்லை என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அதற்குப் பிறகும் சில வருடங்கள் பயிற்சி தொடர்ந்தது. லிஸ்ஸி கல்யாணமாகிக் கோட்டயம் போன பிறகு போனில் தொடர்ந்தது. இன்றைக்கும் பிரியதர்ஷினி நீளமான சொற்களில் கொஞ்சம் நிதானிப்பாள். களைத்திருந்தால் எழுத்து இடம் மாறும். அதனால் என்ன? சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் நிற்பாள்.

எனக்கு இதில் பிடிபட்டது ஒன்று. நாம் பிள்ளைகளைப் பேசு பேசு என்கிறோமே ஒழிய, பேச விடுவதில்லை. அது வாயைத் திறந்ததும் மிச்சத்தை நாமே முடித்துவிடுகிறோம். ஒரு குழந்தை ஒரு சொல்லைத் தேடி எடுக்கும் நேரத்துக்கு வாயை மூடிக்கொண்டு நிற்பது — முயன்று பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அன்றைக்கு உத்தமபாளையத்தில் ஒரு பஸ்ஸே நின்றது.

உங்கள் வீட்டில், தெருவில், எல்லாம் புரிந்துகொண்டு பேச்சு மட்டும் வராத குழந்தை இருந்தால், ஒருநாள் வந்த சொல் மறுநாள் தொலைகிறது என்றால், பிடிவாதம் என்று திட்டாதீர்கள். தாமதமாகப் பேசும் எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் காரணம் என்று நீங்களாக முடிவுகட்டவும் வேண்டாம். இதைப் படித்துத் தெரிந்தவர் பார்த்துச் சொல்லட்டும். சீக்கிரம் கூட்டிப் போங்கள், அவ்வளவுதான்.

போன மாதம் செல்லத்துரை அண்ணனுக்குப் பேத்தி பிறந்தாள். மகன் வழிப் பேத்தி. பெயர் வைக்கும் நாளன்று குழந்தையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டியது அத்தை. அவருக்கு மகள் கிடையாது. அத்தை முறைக்கு இருப்பது பிரியதர்ஷினி மட்டும்தான். நல்ல காரியத்தில் தடங்கல் வந்துவிடக் கூடாது, தூரத்து முறையில் பெரியவள் யாராவது சொல்லட்டுமே என்று உறவில் ஒருவர் இழுத்தார்.

"அத்தை அவதான். அவளே சொல்லட்டும்," என்றார் செல்லத்துரை அண்ணன்.

பெயர் யாழினி. நம் பக்கத்தில் அந்த 'ழ' என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும். கூடியிருந்த அத்தனை பேரும் 'யாளினி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பட்டுப்பாவாடையோடு பிரியதர்ஷினி தொட்டிலுக்குக் குனிந்தாள். அவசரமே இல்லாமல், நாக்கை மடித்து, அழகாக, மூன்று தடவை சொன்னாள்.

குழந்தையின் அப்பாவுக்குத்தான் இன்னும் அந்த எழுத்து வரவில்லை. தினமும் சாயங்காலம் கிளாஸ் நடக்கிறது, டீச்சர் கொஞ்சம் கண்டிப்பானவள்.